ஜூலை 30 ஏன் மருத்துவமனை தினம்? தங்கையின் மரணத்தை மறக்காத புதுக்கோட்டை டாக்டர்

அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் நிதியுதவித் திட்டத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர் பிறந்த ஜூலை 30-ஐ அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப் போவதாக 2019-ல் தமிழக அரசு அறிவித்தது. சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண், தேவதாசி ஒழிப்புக்குப் போராடியவர் என்பதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கு. ஆனா, ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1886-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகம். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதைக் கண்டுகொள்ளவில்லை, இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்து, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது 1923. தங்கைக்கு வயிற்றுப்போக்கு. சீதபேதி என்று சொல்லி அதற்கே மருந்து கொடுத்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தச் சின்ன வயதுப் பெண் வலியில் துடித்து இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தார் அக்கா. ஒரு டாக்டர் வீட்டிலேயே இப்படி என்றால், புதுக்கோட்டை பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பெண்ணின் நிலைமை?

நோயைத் தவறாகக் கணிப்பதும் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் இன்று நோயாளி பாதுகாப்பில் முக்கியமான பிரச்னை. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் நோயாளி பாதுகாப்பு தினத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே சரியான நோய்க் கணிப்புதான். நம் அரசு மருத்துவமனைகளுக்கும் என்குவாஸ் எனும் தேசியத் தரச்சான்று வந்துவிட்டது. நோயாளி உரிமை, தொற்றுத் தடுப்பு, சிகிச்சை முறை என 8 பிரிவுகளில் மார்க் போடுகிறார்கள். பிரசவ அறைக்குத் தனியாக 2017 முதல் லக்‌ஷ்யா திட்டம். 1923-ல் இதில் எதுவும் கிடையாது. டாக்டர் சொன்னதுதான் முடிவு.

1925-ல் மேற்படிப்புக்கு லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்தார். அதே மாதிரி ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொண்டது. 1926-ல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை கேட்டு அவர் கொண்டு வந்த தீர்மானத்தால், மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு திறக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முறையான உடல் பரிசோதனை வேண்டும் என்றும் வலியுறுத்தினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை உதறிவிட்டார். ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

புற்றுநோய் மருத்துவமனைக் கனவு மட்டும் நகரவே இல்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே அதைப் பற்றிப் பேசினார். எப்படியும் செத்துப்போகிறவர்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய பொதுவான மனநிலை. அதிகாரத்தில் இருந்தவர்களும் விதிவிலக்கல்ல. அதனால் இந்திய மாதர் சங்கத் தோழிகளோடு சேர்ந்து நன்கொடை திரட்டக் கிளம்பினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கை. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவை சிகிச்சை நிபுணர். மறு வருஷம் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். முத்துலட்சுமி 1968 ஜூலை 22-ல் காலமானார். சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை.