ஸ்னோபோர்டு ‘கார்விங்’ எங்கிருந்து வந்தது? பனியில் வளைவு போட்ட ஏழைக் குடியானவர் சோன்ட்ரே நோர்ஹைமின் கதை

தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலைக்கு பைக்கில் போனவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் வேலைக்கு ஆகாது. வண்டியையும் உடம்பையும் சேர்த்துச் சாய்க்கணும். சரியாகச் சாய்த்தால் போதும், வண்டி தானாகவே வளைவைப் பிடித்துக்கொள்ளும்.

இதே வேலையை, சக்கரமே இல்லாத ஒரு பலகையில் நின்றுகொண்டு பனிமலைச் சரிவில் செய்வதுதான் ஸ்னோபோர்டு கார்விங். ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கை பனியைத் தொடும் அளவுக்கு ஒருவர் சாய்ந்து திரும்புவார். அவருக்குப் பின்னால் பென்சிலால் இழுத்தது போல ஒரே ஒரு மெல்லிய கோடு இருக்கும்.

அந்தக் கோட்டின் கதை 19-ம் நூற்றாண்டு நார்வேயில் தொடங்குகிறது. கதையின் நாயகனுக்குச் சொந்தமாக நிலம்கூட கிடையாது. பெயர் சோன்ட்ரே நோர்ஹைம். இன்று நவீன பனிச்சறுக்கின் தந்தை என்று உலகம் அவரை அழைக்கிறது. ஆனா, அவர் இறந்தபோது சுற்றிலும் சறுக்குவதற்கு ஒரு மலைகூட இல்லை.

முதலில், கார்விங் என்றால் என்ன?

சாதாரணமாகப் பனியில் திரும்பும்போது பலகை பக்கவாட்டில் வழுக்கும். பனி சிதறும், வேகமும் குறையும். கார்விங்கில் அந்த வழுக்கலே இருக்காது. பலகையின் ஓரம் கத்தி போலப் பனியைக் கீறிக்கொண்டே திரும்பும்.

இதன் ரகசியம் பலகையின் வடிவத்தில் இருக்கிறது. உடுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் அகலம், நடுவில் இடை சிறுத்திருக்கும். பலகையும் அப்படித்தான், ஆனால் மிக லேசாக. அதை ஒரு பக்கமாகச் சாய்த்தால் முதலில் பனியைத் தொடுவது அகலமான இரண்டு முனைகள். ஏறி நிற்பவரின் எடை நடுப்பகுதியைக் கீழே அழுத்தும். பலகை வில் மாதிரி வளையும். வளைந்த பலகை நேராகப் போக முடியாது, அந்த வில்லின் பாதையிலேயே போகும். அவ்வளவுதான் விஷயம்.

பலகையின் இந்த இடை வளைவைப் புகழ்பெறச் செய்தவர்தான் நோர்ஹைம்.

யார் இந்த நோர்ஹைம்?

1825 ஜூன் 10. நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற மலைக் கிராமம். அங்கே ஓவர்போ என்ற சின்னக் குடிசையில் பிறந்தார் சோன்ட்ரே. நோர்ஹைம் என்பது பிற்காலத்தில் அவர் குடியிருந்த இடத்தின் பெயர். அதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் குடும்பம் நிலமற்ற குடியானவர் குடும்பம். பெரிய பண்ணைக்காரரின் நிலத்தில் ஓர் ஓரமாக வீடு, கொஞ்சம் விளைநிலம். அதற்கு ஈடாகப் பண்ணையில் உழைக்கணும். நம்ம ஊர் பண்ணையாள் முறையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் ஊரில், காலில் நீளமான மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு சறுக்கிப் போவது அன்றாடத் தேவை. விறகுக்கும் வேட்டைக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் அப்படித்தான் போகணும். ஸ்கீ எனப்படும் இந்தக் கட்டைகள் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தவை. அதை ஒரு விளையாட்டாக மாற்றிக்காட்டியது மோர்கெடால் கிராமம். கூரையிலிருந்தும் பாறையிலிருந்தும் குதிப்பது, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவது என்று ஊரே விளையாடியது. அதில் எல்லோரையும் மிஞ்சியவர் நோர்ஹைம்.

அவர் செய்த மாற்றம் என்ன?

இரண்டு மாற்றங்கள்.

முதலாவது, கட்டு. அதுவரை கட்டையோடு காலை இணைத்தது பெரும்பாலும் விரல் பகுதியில் இருந்த ஒரு பட்டை மட்டும்தான். நேராக நடக்க அது போதும். குதித்தாலோ வேகமாகத் திரும்பினாலோ கட்டை கழன்று ஓடிவிடும். நோர்ஹைம் மரத்தின் மெல்லிய வேர், கிளைகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றியும் கட்டினார். இப்போ கால் திரும்பினால் கட்டையும் திரும்பும்.

இரண்டாவது, வடிவம். அப்போதைய கட்டைகள் சுமார் 3 மீட்டர் நீளம் வரை இருந்தன. நோர்ஹைம் அதைக் குட்டையாக்கினார். நடுப்பகுதியைச் செதுக்கி இடையை ஒடுக்கினார். இடை ஒடுங்கிய கட்டைகள் அதற்கு முன்பே சில இடங்களில் இருந்ததாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அந்த வடிவத்தால் என்ன செய்ய முடியும் என்று ஊரறியக் காட்டியவர் இவர்தான். டெலிமார்க் ஸ்கீ என்று பெயர் பெற்ற அந்த வடிவம் அடுத்த 100 ஆண்டுகளுக்கும் மேலாகப் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு முன்மாதிரியாக இருந்தது.

ஒலிம்பிக்கில் நாம் கேட்கும் ஸ்லாலம் என்ற சொல்லும் அந்த வட்டாரப் பேச்சிலிருந்து வந்ததுதான். சரிவில் விழும் தடம் என்பது அதன் பொருள்.

42 வயதில் தலைநகரில் வெற்றி

1868 பிப்ரவரி. அப்போது கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஓஸ்லோவில் ஒரு பனிச்சறுக்குப் போட்டி. மோர்கெடாலில் இருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தைக் கட்டைகளிலேயே கடந்து நோர்ஹைம் அங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. அவருக்கு அப்போது 42 வயது.

களத்தில் நகரத்து இளைஞர்களும் இருந்தார்கள். தடுமாறாமல் குதித்து, நினைத்த இடத்தில் வளைந்து நின்ற இந்தக் கிராமத்துக்காரர் அவர்களைத் தோற்கடித்தார். தலைநகரமே திரும்பிப் பார்த்தது. அவர் வழியில் வந்த மோர்கெடால் இளைஞர்களான ஹெம்மெஸ்ட்வெய்ட் சகோதரர்கள் 1881-ல் அதே நகரில் பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கினார்கள்.

ஆனா, நோர்ஹைமின் வீட்டு நிலைமை மாறவில்லை. பெயர் வந்தது, பணம் வரவில்லை. அவர் வடிவமைத்த கட்டையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்துகொண்டார்கள். ஒகேனக்கல் பரிசலை முதலில் முடைந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது இல்லையா? கைத்தொழிலில் பிறந்த பல கண்டுபிடிப்புகளின் கதி அதுதான். நோர்ஹைமுக்குப் பெயராவது மிஞ்சியது.

பிழைப்புக்காக அமெரிக்கா

தருமபுரியில் இருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். 19-ம் நூற்றாண்டு நார்வேயில் அந்தப் பயணம் கடல் தாண்டியது. நோர்ஹைம் பிறந்த அதே 1825-ல்தான் நார்வேயில் இருந்து குடியேறிகளைச் சுமந்த முதல் கப்பல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. அடுத்த 100 ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் பேர் அப்படிப் போனார்கள்.

1884-ல் நோர்ஹைமும் போனார். 59-ஐ நெருங்கும் வயதில், மனைவி ரன்னேயையும் பிள்ளைகள் சிலரையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். முதலில் மினசோட்டா, பிறகு வடக்கு டகோட்டா. வீடு கட்டிப் பயிர் செய்பவர்களுக்கு 160 ஏக்கர் வரை நிலம் என்ற அமெரிக்கச் சட்டம் ஏழைகளை அங்கே ஈர்த்த காலம் அது.

வாழ்நாள் முழுக்க இல்லாத நிலம் அங்கே இருந்தது. வாழ்நாள் முழுக்க இருந்த மலை இல்லை. வடக்கு டகோட்டாவின் அந்தப் பகுதி கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளிச் சமவெளி. குளிர்காலத்தில் பனி கொட்டும், ஆனால் சறுக்கச் சரிவு கிடையாது. அப்படியும் ஒரு ஜோடி கட்டைகளை அவர் வீட்டு வாசலருகே எப்போதும் வைத்திருந்தார் என்று சொல்வார்கள்.

1897 மார்ச் 9-ம் தேதி நோர்ஹைம் இறந்தார். டென்பி என்ற ஊருக்கு அருகே தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

குடிசை அடுப்பில் ஒலிம்பிக் தீபம்

1952-ல் குளிர்கால ஒலிம்பிக் ஓஸ்லோவில் நடந்தது. தீபத்தை எங்கே ஏற்றுவது? நார்வே தேர்ந்தெடுத்த இடம் மோர்கெடால். ஓவர்போ குடிசையில், நோர்ஹைம் பிறந்த வீட்டின் அடுப்பில் நெருப்பு மூட்டப்பட்டது. 94 வீரர்கள் கைமாற்றி அதைத் தலைநகருக்குக் கொண்டு போனார்கள். 1960-ல் அமெரிக்காவின் ஸ்குவா வேலி ஒலிம்பிக்குக்கும் அங்கிருந்தே தீபம் போனது. 1994-ல் நார்வேயின் லில்லெஹாமரில் ஒலிம்பிக் நடந்தபோதும் அந்த அடுப்பில் நெருப்பு ஏற்றினார்கள்.

அவர் மண்ணுக்குள் போன வடக்கு டகோட்டாவும் பின்னால் அவரை நினைத்துக்கொண்டது. மைனாட் நகரில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

ஸ்னோபோர்டுக்கு அந்த வளைவு வந்தது எப்படி?

1965-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ கட்டைகளை ஒன்றாக இணைத்து ஒரு விளையாட்டுப் பலகை செய்தார். அதுதான் ஸ்னோபோர்டின் முன்னோடி. 1977-ல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட்டில் பலகைத் தயாரிப்பைத் தொடங்கினார். பிறகு பலகைகளுக்கு உலோக ஓரமும் இடை வளைவும் வந்தன. வழுக்காமல் கீறித் திரும்பும் கார்விங் அதிலிருந்து வளர்ந்தது.

பெரும்பாலான ஸ்னோபோர்டு வீரர்கள் மென்மையான பூட் போடுவார்கள். கார்விங்கே கதி என்று இருப்பவர்கள் கெட்டியான பூட், ஒடுக்கமான பலகை என்று தனி வழி போகிறார்கள். ஐரோப்பா, ஜப்பான், வட அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கும் சின்னக் கூட்டம் அது. இயந்திரம் சமன்படுத்திய சரிவில், அதிகாலையில் வேறு யாரும் தடம் பதிக்கும் முன் முதல் கோட்டைத் தாங்கள் போட்டுவிட வேண்டும். அவர்களுக்கு அதுதான் சந்தோஷம்.

1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு அறிமுகமானது. 1990-களில் ஸ்கீ தயாரிப்பாளர்களும் இடையை இன்னும் ஆழமாக ஒடுக்கத் தொடங்கினார்கள். ஸ்கீ, ஸ்னோபோர்டு இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதை 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டு வீராங்கனை எஸ்தர் லெடெக்கா காட்டினார். ஸ்கீயில் ஒரு தங்கம், ஸ்னோபோர்டில் ஒரு தங்கம், இரண்டும் ஒரே ஒலிம்பிக்கில்!

இந்தியாவில்?

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வீரர் ஜெரமி புயாகோவ்ஸ்கி. 1964-ல் இன்ஸ்ப்ரூக்கில் பனிச்சறுக்குப் போட்டியில் அவர் இறங்கினார். இப்போ காஷ்மீரின் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஸ்கீயும் உண்டு, ஸ்னோபோர்டும் உண்டு.

அங்கே பலகையைச் சாய்த்துத் திரும்பும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு நோர்ஹைம் பெயர் தெரியுமோ, தெரியாது. ஆனால் அவர்கள் கால்களுக்குக் கீழே இருக்கும் அந்த ஒடுங்கிய இடை, நிலமில்லாத ஒரு குடியானவர் மோர்கெடாலில் செதுக்கிக் காட்டியதுதான்.