மதில் இல்லாத இல்லம்: அருள்தந்தை ஃபிளானகன்



அயர்லாந்தின் பாலிமோ என்ற சிற்றூரில் 1886-ம் ஆண்டு பிறந்தவர் எட்வர்ட் ஃபிளானகன். 1912-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, அமெரிக்காவின் ஒமாகா மறைமாவட்டத்தில் பணியாற்றினார். அங்கே வீடற்ற தொழிலாளர்களுக்கு விடுதி நடத்தியபோது, அவர்களுள் பலர் சிறுவயதிலேயே குடும்பத்தின் அன்பை இழந்தவர்கள் என்று கண்டுகொண்டார். எனவே 1917 டிசம்பர் 12 அன்று, கடனாகப் பெற்ற 90 டாலரைக் கொண்டு வாடகை வீடு ஒன்றில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் பாய்ஸ் டவுன் என்ற சிற்றூராக வளர்ந்தது.

அன்றைய சீர்திருத்தப் பள்ளிகள் பலவற்றில் மதிலும் பிரம்பும் ஆட்சி செய்தன. அருள்தந்தையோ மதில் எழுப்பவில்லை. இனம், சமயம் பாராமல் சிறுவர்களை ஏற்றார். அவர்களே தங்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்.

1946-ல் அவர் தாயகம் திரும்பினார். அயர்லாந்தின் தொழிற்பள்ளிகளில் ஏழைக் குழந்தைகள் அடைக்கப்பட்டிருந்தனர். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் துறவற சபைகளே நடத்தின. ஆயினும் அவர் மௌனம் காக்கவில்லை. அங்கு நிலவிய தண்டனை முறைகளைப் பொதுமேடையிலேயே கண்டித்தார். அரசு அவருடைய சொற்களை ஏற்க மறுத்தது. மக்களும் பெரிதாகச் செவிசாய்க்கவில்லை. 1948 மே 15 அன்று, போரினால் சிதைந்த ஐரோப்பாவின் குழந்தைகளுக்காகப் பயணம் மேற்கொண்டிருந்த வேளையில், பெர்லின் நகரில் இறையடி சேர்ந்தார்.

அயர்லாந்து அரசு அமைத்த கென்னடி குழு, 1970-ல் பெரிய விடுதிகளை ஒழித்து, குடும்பம் போன்ற சிறு இல்லங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. பாய்ஸ் டவுனும் 1970-களில் பெரிய விடுதிகளைக் கைவிட்டு, ஒரு தம்பதியர் சில பிள்ளைகளோடு வாழும் வீடுகளுக்கு மாறியது. 2009-ல் வெளியான ரையன் அறிக்கை, அப்பள்ளிகளில் குழந்தைகள் பட்ட கொடுமைகளை உறுதிசெய்தது. அருள்தந்தை எச்சரித்து 63 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் எத்தனை குழந்தைகளின் இளமை கருகிப்போனது! 2012-ல் அவரைப் புனிதராக உயர்த்துவதற்கான பணிகள் தொடங்கின.

இயேசு ஒரு சிறு பிள்ளையை எடுத்துச் சீடர்கள் நடுவே நிறுத்தினார், அணைத்துக்கொண்டார். நாமோ பல வேளைகளில், விடுதிக்குக் காணிக்கை அனுப்பியதோடு நம் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். வறுமையின் காரணமாகத் தன் பிள்ளையை விடுதியில் விட நினைக்கும் தாய் நம் பங்கில் இருக்கலாம். அந்தக் குடும்பம் பிரியாமல் இருக்கத் தோள் கொடுப்போமா? குழந்தைகள் துன்புறுவதை அறிந்தால், நம் திருச்சபையின் நிறுவனமே ஆனாலும், துணிந்து பேசுவோமா? இறைவன் நமக்கு அந்த மனவுறுதியைத் தருவாராக!