முகத்தையும் மீட்க முனைந்த பலன்ஸ்

இலண்டனில் 1856 இல் பிறந்த சேர் சார்ள்ஸ் பலன்ஸ், சென்ற் தோமஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர். 1894 இல் ஒரு பெண்ணின் மண்டையோட்டைத் திறந்து, செவி நரம்பருகே வளர்ந்திருந்த கட்டியை விரலால் விடுவித்து எடுத்தார். இத்தகைய கட்டி அகற்றப்பட்டு நோயாளி பிழைத்த முதல் நிகழ்வாக இதைப் பலர் குறிப்பிடுவர். அப்பெண் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் முகத்தின் ஒருபாதி செயலிழந்தது. ஒரு கண்ணும் போனது.

உயிர் வரவு, முகம் செலவு. அந்தக் கணக்கோடு பலன்ஸ் நின்றுவிடவில்லை. 1895 இல் இன்னொரு நோயாளியின் முக நரம்பை, தோள் தசைக்குச் செல்லும் நரம்போடு இணைத்தார். எழுபது வயது தாண்டியும், நியூயோர்க் மருத்துவர் ஆர்தர் டூவலுடன் சேர்ந்து நரம்பு ஒட்டும் முறையை ஆராய்ந்தார். 1936 இல் மறைந்தார்.

இன்று கட்டியை எடுத்தபின், மூளைநீர் கசியாதபடி வயிற்றுக் கொழுப்பை வைத்து அடைக்கிறார்கள். திறந்த எலும்பை டைட்டானியம் வலையாலோ எலும்புச் சீமெந்தாலோ சீரமைப்பதும் உண்டு. முக நரம்பைக் காப்பதில் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள்.

எம்மவர்கள் பலர் வைத்தியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். கட்டியை எப்படி எடுப்பீர்கள் என்பதோடு, முகத்தையும் மண்டையோட்டையும் எப்படிச் சீராக்குவீர்கள் என்றும் கேளுங்கள்.