பள்ளியை விட்டவர் கல்லூரி தந்தார்!
ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை

தொழில் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. அதை வளர்க்கவும் தெரிய வேண்டும். நேரம் தவறக் கூடாது. கணக்கு எழுத வேண்டும். வருகிறவர்களிடம் பக்குவமாகப் பேச வேண்டும். நஷ்டம் வந்தால் மனம் உடையக் கூடாது.

திருவண்ணாமலையில் இந்தியன் வங்கியின் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கைத்தொழிலோடு இந்தப் பழக்கங்களையும் சில வாரங்களில் அங்கே சொல்லித் தருகிறார்கள்.

சொல்லித் தர யாரும் இல்லாத காலத்தில், தமக்குத் தாமே ஆசிரியராக இருந்தார் ஒருவர். அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

மோட்டார் சைக்கிள்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ந் தேதி அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. சிறு வயதிலேயே நின்றுவிட்டது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! நாயுடு வியந்தார். அதை வாங்க ஆசைப்பட்டார். கையில் பணம் இல்லை.

கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். காசு காசாக மிச்சம் பிடித்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றினார்; மறுபடியும் பூட்டினார். அதுவே அவர் படித்த பாடம்!

எல்லாம் போயிற்று

பிறகு பஞ்சு வியாபாரம் செய்தார். பணம் சேர்ந்தது. பம்பாய்க்குப் போனார். அங்கே எல்லாம் போயிற்று. வெறுங்கையோடு திரும்பினார்.

வேறு ஒருவர் என்றால் மூலையில் உட்கார்ந்திருப்பார். நாயுடு உட்காரவில்லை. கோவை ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு பஸ் வாங்கினார். 1920ஆம் ஆண்டு அது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

குறித்த நேரத்துக்குப் பஸ் புறப்பட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. 1933ஆம் ஆண்டளவில் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியில் சுமார் 280 பஸ்கள் இருந்தன. 1937ஆம் ஆண்டு, பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டாரும் செய்து காட்டினார்.

பதவியை விட்டார்

தாம் கற்றதை இளைஞர்களும் கற்க வேண்டும் என்று நாயுடு நினைத்தார். 1945ஆம் ஆண்டு, அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் தொழிற்கல்லூரி பிறந்தது. அவரே அதன் முதல்வர் ஆனார்.

அங்கேதான் தகராறு எழுந்தது. படிப்பு நான்கு ஆண்டு என்றது அரசாங்கம். இரண்டு ஆண்டே போதும் என்றார் நாயுடு. இளைஞனின் இரண்டு ஆண்டை வீணாக்கக் கூடாது என்பது அவர் வாதம். அரசாங்கம் இணங்கவில்லை. நாயுடுவும் இணங்கவில்லை. தம் முயற்சியால் பிறந்த கல்லூரியின் பதவியையே விட்டுவிட்டார்!

அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி நாயுடு காலமானார்.

அவர் பஸ் கம்பெனி நடத்தினார். நாம் பூக்கடையோ இட்லிக் கடையோ வைக்கலாம். கடை சிறிதாக இருக்கலாம். ஆனால் சேமிப்பு, நேரம் தவறாமை, விழுந்தாலும் எழுகிற துணிவு ஆகிய மூன்றும் எல்லாத் தொழிலுக்கும் முதல். இந்த முதலை எந்த வங்கியும் கடனாகத் தராது. நாமே பழகித்தான் சேர்க்க வேண்டும்.