சுரங்கத்துக் குதிரைகளும் அறிந்த எழுப்புதல்



எழுப்புதல் வேணும் என்று நாம் உபவாசித்து ஜெபிக்கிறோம். வந்தால் ஊரில் என்ன மாறும்? ஆராதனையில் சத்தம் கூடுமா, கடைவீதியில் பொய் குறையுமா? இந்தக் கேள்வியை எனக்குள்ளே போட்டது வேல்ஸ் தேசத்து ஈவான் ராபர்ட்ஸின் வாழ்க்கை. பிரசங்கங்களில் பலமுறை கேட்ட பெயர்தான். ஆனா அவர் சரித்திரத்தை முழுசா வாசிச்ச அன்னைக்குத்தான் ஆவியானவர் என்னைப் பிடித்தார்.

ஈவான் ராபர்ட்ஸ் 1878-ல் லொக்கர் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. ஈவானும் பன்னிரண்டு வயதளவிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். வேதாகமத்தையும் கூடவே கொண்டுபோவார். ஒருமுறை சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் அந்த வேதாகமத்தின் பக்கங்கள் கருகிப்போயின. அவர் ஜீவன் காக்கப்பட்டது. பிற்பாடு கொல்லுப்பட்டறையில் தொழில் பழகினார். எங்கே இருந்தாலும் பத்து வருஷத்துக்கும் மேலாக எழுப்புதலுக்காக ஜெபிப்பதை விடவில்லை.

ஊழியத்துக்கு ஆயத்தப்பட பள்ளிக்கூடம் போனவரை, 1904 செப்டம்பரில் பிளைனானெர்க் என்ற இடத்துக் கூட்டத்தில் கர்த்தர் நொறுக்கினார். தன்னை வளைக்கும்படி கதறி அழுதார். அக்டோபர் 31-ல் சொந்த ஊர் திரும்பி மோரியா ஆலயத்தில் வாலிபரைக் கூட்டினார். உட்கார்ந்தது வெறும் 17 பேர்!

அவர் சொன்னது நாலே காரியம். தெரிந்த பாவத்தையெல்லாம் அறிக்கை செய்து சரிப்படுத்த வேண்டும். இது சரியா தப்பா என்று சந்தேகமானதையும் விட்டுவிட வேண்டும். ஆவியானவர் ஏவினால் உடனே கீழ்ப்படிய வேண்டும். கிறிஸ்துவை வெளியரங்கமாக அறிக்கையிட வேண்டும்.

அக்கினி பற்றியது. சில மாதங்களில் மனந்திரும்பினவர்கள் ஒரு லட்சம் பேர் வரை என்று கணக்கிடப்பட்டது. ஆனா என்னை அசைத்தது அந்தத் தொகை அல்ல. ஊருக்குள் நடந்த மாற்றம். வேல்ஸில் 1881-லேயே ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையை மூடச் சட்டம் வந்தாச்சு. மற்ற ஆறு நாள் குடியை அந்தச் சட்டம் தொடவில்லை. எழுப்புதல் வந்தபோது குடிக்கிறவன் தானாகவே விட்டான், மதுக்கடைகள் வெறிச்சோடின. கூலிப்பணம் வீடு வந்து சேர்ந்தது. பழைய கடன்கள் அடைபட்டன. திருடிய கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். விசாரிக்க வழக்கில்லாமல், சில நீதிமன்றங்களில் அந்நாட்டு வழக்கப்படி நீதிபதிக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்களாம். சுரங்கத்தில் வண்டி இழுத்த மட்டக்குதிரைகளோ, திட்டும் சாபமும் கேட்டே பழகினவை. ஓட்டுகிறவன் வாய் சுத்தமானதும், என்ன சொல்றான்னே புரியாம நின்றதாக அந்நாட்களின் செய்தி.

எழுப்புதலின் செய்தி கடல் தாண்டியது. 1905-ல் காசி மலைகளிலும், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும், நம்ம திருநெல்வேலிச் சீமை டோனாவூரிலும் ஆவியானவர் கிரியை செய்தார்.

இங்கேதான் என் சாட்சியைச் சொல்லணும். எனக்கு மளிகைக் கடை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்நிய பாஷையில் நிரம்பி அழுவேன். சனிக்கிழமை காலையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி வைத்திருப்பேன். எல்லாரும் செய்றதுதானே என்று மனச்சாட்சியை அடக்கினேன். ஈவான் சொன்ன முதல் காரியத்தை வாசித்த ராத்திரி தூக்கமில்லை. சகேயுவே கண்முன் நின்றான். விடிந்ததும் புளியைச் சுரண்டி எறிந்தேன். வழக்கமா அரிசி வாங்க வரும் பாட்டியிடம் உண்மையைச் சொல்லி, ரெண்டு கிலோ கூட அளந்து கொடுத்தேன். அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, இத்தனை வருஷமா தனக்குத் தெரியும் என்றார்கள். இதனால்தான் பேரன் சபைக்குக் கூப்பிட்டும் தான் வரவில்லை என்றும் சொன்னார்கள். ஐயோ! ஒரு உருண்டைப் புளி ஒரு ஆத்துமாவை வாசலிலேயே தடுத்து வைத்திருந்ததே!

ஈவானுக்கும் பலவீனம் வந்தது. ஓய்வில்லாத ஊழியத்தால் உடலும் மனமும் சோர்ந்து, சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைப்போல, 1906-ல் பொது ஊழியத்தை விட்டு ஒதுங்கினார். மீதி வருஷங்களில் பெரும்பகுதி மறைவான ஜெபத்தில் கழிந்தது. 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்றைக்கு நிரம்பி வழிந்த ஆலயங்களில் அநேகம் பிற்காலத்தில் மூடப்பட்டன. ஏன்? அப்பாவின் மனந்திரும்புதல் மகனுக்குச் சொத்தாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு தலைமுறையும் தானே முழங்காலில் நிற்க வேண்டும்.

பிரியமானவர்களே, ஊர் கெட்டுப்போச்சு என்று குறை சொல்வது சுலபம். சட்டம் போட்டாச் சரியாகும் என்று நினைப்பதும் சுலபம். நம்ம தராசு, நம்ம நாக்கு, நம்ம கடன் நோட்டு எப்படி இருக்கு? அந்தப் பாட்டி இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. ஆனா தினமும் என் கடைக்கு வருகிறார்கள். தராசைப் பார்க்காமலே பையை நீட்டுகிறார்கள். அவர்களுடைய இரட்சிப்புக்காக ஜெபியுங்கள். எழுப்புதல் என்னில் தொடங்கட்டும் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொடுப்போம். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!