பெஞ்சமின் ஜோவெட் சரிதம்

திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட போப்பையரை நம்மவர் அனைவரும் அறிவர். அவரை அப்பணிக்கண் ஊக்கிய பெரியாரை அறிந்தார் சிலரே. அவர் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பேலியல் கல்லூரித் தலைவரும், ஆங்கிலத் திருச்சபைக் குருவுமாகிய பெஞ்சமின் ஜோவெட் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த காம்பர்வெல் என்னுமிடத்திற் பிறந்தார். பேலியல் கல்லூரியிற் புகுந்து, மாணவராயிருந்த காலத்திலேயே 1838-இல் அக்கல்லூரிப் புலவர் குழுவில் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 1845-இல் குருப்பட்டம் எய்தினார்.

1844, 1845 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி என்னும் நண்பரோடு ஜெர்மனி தேயஞ் சென்றார். அந்நாட்டுத் தத்துவ நூல்களை அக்காலத்து ஆங்கிலக் குருமார் பலர் ஐயுற்று நோக்கினர். ஜோவெட்டோ காண்டின் நூலைப் பயின்றும், ஹெகலின் மாணாக்கராகிய எர்ட்மன் என்பாரைக் கண்டு அளவளாவியும் தம் அறிவை விரித்தார். ஹெகலின் தருக்க நூலை மொழிபெயர்க்கவும் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. முரண்பட்ட இரு கொள்கைகளை ஒருங்குவைத்து ஆராயின், இரண்டையும் தன்னகத்தடக்கிய மேலோர் உண்மை புலனாம் என்பது ஹெகலார் நெறி. ஜோவெட் அதனை அறிவு விளக்கும் கருவியாகக் கொண்டாரேயன்றித் தமக்கு மதமாகக் கொண்டாரல்லர்.

1855-இல் பவுலடிகளின் நிருபங்கள் சிலவற்றிற்கு உரை வெளியிட்டார். அவ்வாண்டே கிரேக்கப் பேராசிரியருமாயினார். அவ்வுரை சபைக் கொள்கைக்கு மாறென்று சிலர் முறையிட, திருச்சபையின் 39 விதிகளுக்கும் மீண்டும் கையொப்பமிடுமாறு பணிக்கப்பெற்றார். மறுமொழி கூறாது கையொப்பமிட்டார். பேராசிரியர் பதவிக்குரிய ஊதியமோ ஆண்டொன்றுக்கு 40 பவுனே. அதனை உயர்த்தல் அவர் கொள்கை காரணமாகப் பத்தாண்டு தடைப்பட்டு, 1865-இலேயே 500 பவுனாயிற்று. அதுகாறும் கற்பித்தலிற் சிறிதுங் குறைவைத்தாரல்லர்.

1860-இல் வேதாகமப் பொருள்கோள் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். நூலாசிரியர் தங்காலத்தார்க்கு யாது கருதிக் கூறினாரோ அதனையே முதற்கண் தேர்தல் வேண்டும், பிற்காலத்துக் கோட்பாடுகளை மூலத்தின்மேல் ஏற்றலாகாது, ஏனை நூல்களை ஆராயுமாறே வேதாகமத்தையும் ஆராய்க என்பன அதன் துணிபு. இதன்பொருட்டு 1863-இல் பல்கலைக்கழக மன்றத்தில் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர்; அது நில்லாதொழிந்தது.

குருமரபின்வழி நூற்பொருள் கேட்கும் நமக்கு இத்துணிபு முற்றும் உடன்பாடன்று. அருணூற் பொருள் சொல்லளவில் முடிவதன்று. அநுபூதிமான்கள் வழிவழி உணர்த்த உணரற்பாலது. ஆயினும் தன் கோட்பாட்டிற்கேற்ப மூலத்தை வளைத்தல் உரைகாரர்க்குக் குற்றமென்பது நமக்கும் ஒப்பமுடிந்ததே. அக்குற்றத்தை அஞ்சினமையாற் பழியேற்றவர் ஜோவெட் என்க.

1870-இல் கல்லூரித் தலைவராயினார்; 1871-இல் பிளேட்டோவின் உரையாடல்களை ஆங்கிலப்படுத்தி வெளியிட்டார். கிரீன், கேர்டு என்னும் தத்துவ அறிஞர் இவர்தம் மாணாக்கராவர்.

ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்துவந்த போப்பையர் ஒருநாள் இவரோடு உரையாடுகையில் மாணிக்கவாசகரைப் பற்றிய பேச்சு நிகழ்ந்தது. திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஜோவெட் தூண்ட, தமது முதுமை நோக்கி ஐயர் தயங்கினார். பெரும்பணியொன்றை மேற்கொண்டிருத்தலே நெடிது வாழும் வழியென்றும், அது முடியுமளவும் வாழ்வீரென்றும் அவர் தோளிற் கைவைத்துத் தேற்றினார். ஜோவெட் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் காலமானார். நூல் அச்சேறியதை அவர் கண்டாரல்லர். எழுபத்தொன்பது கடந்து எண்பதாம் பிறந்தநாள் எய்திய ஆண்டிலே ஐயர் அதனை நிறைவேற்றினார். தமிழறியாத அப்பெரியாரின் சொல் பொய்யாதாயிற்று.