யார் இந்த மெக்பெர்சன்? கார் சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன் தெரிஞ்சுக்கோங்க

ஸ்விஃப்ட், ஐ10, ஏன், பழைய மாருதி 800 வரை எதை எடுத்தாலும் சரி. முன்சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரே அமைப்புதான் தெரியும்: தடிமனான ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். இதற்குப் பெயர் மெக்பெர்சன் ஸ்டிரட். வீடியோ பார்த்து வீட்டிலேயே மாற்றிடலாம் என்று ஸ்பேனர் செட் ஆர்டர் போடுகிறவர்கள், முதலில் அந்தப் பெயருக்குரியவர் என்ன செய்தார் என்று பார்ப்பது நல்லது. எந்தக் கருவி வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

ஏர்ல் மெக்பெர்சன் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு டெட்ராய்ட் கார் கம்பெனிகளில் சேர்ந்தார். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் அவரிடம் ஒரு வேலை வந்தது: 1,000 டாலருக்குள் விற்கக்கூடிய ஒரு சின்ன செவர்லே. பெயர் கேடட்.

விலை குறையணும்னா பாகங்கள் குறையணும். அன்றைய சஸ்பென்ஷனில் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, சக்கரம் திரும்ப கிங்பின் தனி. மெக்பெர்சன் மேல் ஆர்மையே தூக்கிவிட்டார். ஷாக் அப்சார்பரையே தூணாக்கி, ஸ்பிரிங்கை அதன் மேலேயே மாட்டி, சக்கரம் திரும்பும்போது அந்தத் தூணும் சேர்ந்து திரும்பும்படி செய்தார். இடம் மிச்சம், காசு மிச்சம்.

சிக்கலும் இதில்தான் இருக்கிறது. 900 கிலோ கார், எடையில் 60% முன்பக்கம் என்று வைத்தால், ஒரு முன்சக்கரத்துக்குச் சுமார் 270 கிலோ. அதைத் தாங்கும் ஸ்பிரிங், ஸ்டிரட்டைக் கழற்றி தரையில் வைத்த பிறகும் அமுங்கிய நிலையில்தான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் நடுவில் இருக்கும் ஒரே ஒரு ராடு நட். ஸ்பிரிங்கை இறுக்காமல் அதைக் கழட்டினால் மேல் தட்டு பறக்கும். உயிர் போகக்கூடிய விஷயம் இது. பல கார்களில் பாடியோடு சேர்க்கும் நட்டுகள் சுற்றிலும் தனியாக இருக்கும், சில மாடல்களில் எல்லாம் நடுவிலேயே இருக்கும். சர்வீஸ் மேனுவல் பார்க்காமல் தொடாதீங்க.

அதனால் முதல் கருவி ஸ்பிரிங் கம்ப்ரஸர். இரண்டு கொக்கி மாடல் என்றால் நேர் எதிரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் இறுக்கணும். ஏர் கன் வேண்டாம். மலிவான கொக்கியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டிரட்டை முழுசாகக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிரிக்க மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மற்றவை சுலபம். துருப்பிடித்த போல்ட்டுக்கு 12 முனை சாக்கெட் வழுக்கும், 6 முனை வாங்குங்க. நீளமான பிரேக்கர் பார், திரும்ப இறுக்க டார்க் ரென்ச், காரைத் தாங்க ஜாக் ஸ்டாண்ட். காரோடு வரும் ஜாக் டயர் மாற்ற மட்டும்தான். ராடு சேர்ந்து சுற்றாமல் இருக்க ஆலன் கீயும் ரிங் ஸ்பேனரும் வேண்டும்.

கேடட் கார் வரவே இல்லை. 1947-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு மெக்பெர்சன் போட்டிக் கம்பெனியான ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபர் கார்களில் அவரது ஸ்டிரட் இருந்தது. 1952-ல் ஃபோர்டின் பொறியியல் துணைத் தலைவர் ஆனார். 1954 ஃபோர்டு கார்களில் கிங்பின் போய் பால் ஜாயின்ட் வந்ததும் அவர் காலத்தில்தான். இதைப் பிரிக்கவும் தனிக் கருவி உண்டு. கவை மாதிரி இருப்பதைச் சுத்தியலால் அடித்தால் ரப்பர் கிழியும். திருகு வைத்து அழுத்தும் வகை, பழைய ஜாயின்ட்டையே திரும்ப மாட்டுகிறவர்களுக்கு நல்லது. ஸ்டிரட் போல்ட்டுகளைக் கழற்றும் முன் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். எப்படியும் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகணும்.

மெக்பெர்சன் 1958-ல் ஓய்வு பெற்றார், 1960-ல் காலமானார். மாருதி 800 வர அப்போது இன்னும் 23 வருஷம் இருந்தது.